‘அந்த நாள்’ பார்க்க உட்காரும் முன்

டீ வரட்டும். அதற்குள் ஒரு கேள்வியைப் போட்டு வைப்போம். எழுபது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் ஒன்றை இன்றைக்கு நாம் ஏன் பார்க்க வேண்டும்? கார் துரத்தல் கிடையாது, ரத்தம் கிடையாது, துப்பறிகிறவர் கோட்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். ஆனாலும் பார்க்க ஆரம்பித்தவர்கள் பாதியில் எழுந்து போவதில்லை. இதில் ஏதோ ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம், அவசரம் ஒன்றுமில்லை.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்தமும் உண்டு. துப்பறியும் கதையைத் தமிழில் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். இன்று நம் மாவட்டத்தில் இருக்கும் அதே ஆரணிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கதைகளை எடுத்து, ஆட்களுக்கும் ஊர்களுக்கும் நம்மூர்ப் பெயர் சூட்டி எழுதித் தள்ளினார். ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார். அதே காலத்தில் வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரை உலவவிட்டார். சாமியார் வேடத்தில் ஒரு துப்பறிவாளர்! இந்த யோசனை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும். இங்கே காவியைப் பார்த்து ஆளை முடிவு செய்ய முடியாது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும்.

அந்தச் சாமியார் 1950இல் படமாகவும் வந்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘திகம்பர சாமியார்’. கதாநாயகன் யார் தெரியுமா? எம்.என். நம்பியார். பிற்பாடு எம்.ஜி.ஆரிடம் அடிவாங்கியே பேர் வாங்கியவர், இதில் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக் குற்றவாளிகளைப் பிடிக்கிறார். ரசமான படம், சந்தேகமில்லை. ஆனால் பாட்டும் ஆட்டமும் வழக்கம்போல உண்டு. துப்பறிதல் அதில் ஒரு சரடு, அவ்வளவுதான்.

துப்பறிதல் மட்டுமே போதும் என்று துணிந்தவர் வீணை எஸ். பாலசந்தர். ஏவி.எம். தயாரிப்பில் அவர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13 அன்று வெளியானது. ஒரு படத்துக்குப் பத்துப் பாட்டு சர்வசாதாரணமாக இருந்த காலத்தில் இதில் ஒரு பாட்டுகூட இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. எடுத்தவரோ சங்கீத வித்துவான். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும், ‘பராசக்தி’யில் ஜோடியாக வந்த அதே இருவர், இங்கே கணவன் மனைவி. படம் தொடங்கியதும் ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி விழுந்து சாகிறார். ‘பராசக்தி’ வசனத்தைத் தெருவெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்த ஜனங்கள் காசு கொடுத்து உள்ளே போனால், ஆரம்பத்திலேயே கதாநாயகன் பிணம். படம் வசூலில் தோற்றதற்கு இதைவிடப் பெரிய துப்பு வேண்டியதில்லை.

கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில். செத்துப்போன ராஜன் ஒரு ரேடியோ இன்ஜினியர். விசாரிக்க வருகிற சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். படத்தின் வசனமும் அவருடையதுதான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு காதலி என்று ஐந்து பேரை அவர் விசாரிக்கிறார். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஒரே மாதிரி வழுக்கி விழுகிறார்கள். ‘ஓ, இது ராஷோமோன் கதைதானே’ என்பார்கள். பத்திரிகையில் எழுதுகிறவர்களும் சொல்வார்கள், நன்றாகப் படம் பார்த்தவர்களும் சொல்வார்கள். அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ 1950இல் வந்தது. அதைப் பார்த்துப் பாலசந்தருக்கு ஒரு பொறி தட்டியது என்பதும் உண்மைதான். ஆனால் பொறி வேறு, எரிகிற விறகு வேறு. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

ராஷோமோனில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன் வந்து, நேருக்கு நேர் வாள்சண்டையில் நான்தான் கொன்றேன் என்கிறான். மனைவி சொல்வதைக் கேட்டால் அவள் கையில் இருந்த கத்திதான் காரணம் போலத் தோன்றுகிறது. செத்தவனின் ஆவியோ ஒரு மந்திரக்காரி வாயிலாகப் பேசி, நானே குத்திக்கொண்டேன் என்கிறது. கவனியுங்கள், அங்கே பழியை யாரும் அடுத்தவர் மேல் போடவில்லை, தன் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். தண்டனையைவிடத் தன் கௌரவம் பெரிது அவர்களுக்கு. ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வேறு வேறாக நடக்கிறது. கடைசியில் எது நிஜம் என்று குரோசவா தீர்ப்புச் சொல்லாமல் போய்விடுகிறார்.

‘அந்த நாள்’ அப்படியே தலைகீழ். இங்கே ஒவ்வொருவரும் ‘நான் இல்லை, அவராக இருக்கலாம்’ என்று அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். சொல்கிற சம்பவங்களும் ஒன்றல்ல. தம்பி சொத்துப் பங்கைக் கேட்டு அண்ணனோடு போட்ட சண்டை ஒன்று, காதலியிடம் ராஜன் மறைத்த விஷயம் ஒன்று, கல்லூரி நாளில் மனைவி மனசைப் பறிகொடுத்தது ஒன்று. எல்லாமே நடந்தவைதான், ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. முடிவில் உண்மையும் ஒளிவு மறைவில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. ராஷோமோன் துப்பறியும் கதையே அல்ல. ‘அந்த நாள்’ துப்பறியும் கதையைத் தவிர வேறெதுவும் இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் இதற்கு நெருங்கிய உறவு என்று வேறொன்றைச் சொல்வார்கள். அதே 1950இல் ஆண்டனி அஸ்குவித் எடுத்த ஆங்கிலப் படம், ‘தி வுமன் இன் க்வெஸ்சன்’. குறி சொல்கிற ஒருத்தி கொலையாகிறாள். அவளை ஒருவர் தேவதை என்கிறார், இன்னொருவர் சாக்கடை என்கிறார். அப்படிப் பார்த்தால் படத்தின் புதிர் கொன்றவர் யார் என்பதோடு நிற்பதில்லை. செத்தவர் யார் என்பதுதான் அசல் புதிர். ராஜன் விஷயமும் அதுவே. ஆள் போன பிறகு, ஐந்து பேர் வாய் வழியாக அவனை நாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்கிறோம். நம் ஊர் இழவு வீட்டுத் திண்ணையில் நடப்பதும் இதுதானே!

இன்னொரு டீ சொல்லிவிட்டு வெளிச்சத்துக்கு வருவோம். கறுப்பு வெள்ளை என்பது வண்ணத்தை உருவிவிட்ட படம் என்று நினைத்துக்கொள்கிறோம். கேமராக்காரருக்கு அது தனி மொழி. சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் ஒரே அளவு பிரகாசமாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்வார். பிரித்துக் காட்ட ஒரே வழி விளக்குதான். முகத்துக்கு ஒரு பிரதான விளக்கு, அது விழாத பக்கத்து நிழலைத் தணிக்க மெல்லியதாக இன்னொரு விளக்கு, தலைமுடிக்குக் கோடு போட்டுச் சுவரிலிருந்து பிரிக்கப் பின்னாலிருந்து மூன்றாவது. இதில் இரண்டாவதை அணைத்துவிட்டால் என்ன ஆகும்? கரண்ட் போன ராத்திரியில் மேசையில் ஒற்றை மெழுகுவர்த்தி ஏற்றினால் எதிரில் உட்கார்ந்திருக்கிற சொந்த மாமாகூடக் கொஞ்சம் சந்தேகத்துக்குரிய ஆளாகத் தெரிவாரே, அப்படி ஆகும். பாதி முகம் தெரியும், பாதி தெரியாது.

‘அந்த நாள்’ ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் இதைத்தான் செய்தார். வண்ணத்தில் நம் கண் தானாகச் சிவப்பைத் தேடி ஓடும்; இங்கே எது பளிச்சென்று இருக்கிறதோ அங்கேதான் போகும். ஆகவே எதை நாம் பார்க்க வேண்டும், எதை நழுவவிட வேண்டும் என்பதை விளக்கு வைத்தே தீர்மானிக்கலாம். துப்பறியும் படத்தின் மொத்த வித்தையும் அதுதானே, காட்டுவதும் மறைப்பதும். 1954இல் முழுக்க வண்ணத்தில் எடுத்த தமிழ்ப் படமே வந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழு வண்ணத் தமிழ்ப் படம் என்று ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வர 1956 ஆயிற்று. இல்லாத குறையை இவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடுமே என்பவர்களுக்குப் பாலசந்தரின் இன்னொரு படம் இருக்கிறது, 1964இல் வந்த ‘பொம்மை’, அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு. வைத்தது யார், எங்கே இருக்கிறது என்பதெல்லாம் நமக்கு முன்பே தெரியும். பொம்மையோ கை மாறி மாறி ஊர் சுற்றுகிறது. மறைக்க ஒன்றுமே இல்லாமல் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவருகிறார். ஹிட்ச்காக் ஓயாமல் சொன்ன பாடம் இது: குண்டு திடீரென்று வெடித்தால் ஒரு நொடி அதிர்ச்சி, குண்டு இருப்பது முன்பே தெரிந்தால் நிமிடக்கணக்கில் பதற்றம். ‘நடு இரவில்’ என்று அகதா கிறிஸ்டி நாவல் ஒன்றைத் தழுவியும் பாலசந்தர் ஒரு படம் எடுத்தார். என்னைக் கேட்டால் ‘அந்த நாள்’ முதலில், ‘பொம்மை’ அடுத்து, இது மூன்றாவது.

ராஜனைச் சுட்டது யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. வேறு யாராவது சொல்லித் தொலைத்திருந்தாலும் கவலைப்படாமல் பாருங்கள். ராத்திரியில், அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் அல்லாமல் முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள். சின்னத் திரையில் வெயிலடிக்கிற திண்ணையில் பார்த்தால் மாருதி ராவ் பாடுபட்டு வைத்த நிழலில் பாதி உங்கள் கண்ணுக்கே வராது.