குழந்தையும் நிபுணரும் ஒரே திரையில்

ஆட்டமும் ஆடுபவரும் – 7

காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களை விட்டு வீடியோ கேம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் குடிபெயர்ந்த வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் குடிபெயர்ச்சியின் விளைவாக எழுந்து, நாற்பது வருஷங்களாகியும் தீராமல் நடந்துவரும் ஒரு விவகாரத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஓடியும் தாவியும், பள்ளங்களைக் கடந்தும் பகைவர்களை மிதித்தும், கட்டம் கட்டமாக முன்னேறிச் செல்லும் பிளாட்பார்ம் ஆட்டங்களில், ஐந்து வயதுக் குழந்தையும் அதன் பாட்டியும் கூடி ஆடலாம் என்ற உத்தேசத்தோடு தயாரிக்கப்படுபவை, வருஷக் கணக்கில் அப்பியாசம் செய்து கைதேர்ந்த ஆட்டக்காரரையும் திருப்தி செய்யுமா என்பதே அந்த விவகாரம்.

செய்யாது என்பாரின் வாதத்தை முதலில் சொல்லிவிடுவது மரியாதை. ஆர்கேட் கூடத்தில் ஆட்டம் கடினமாக இருந்ததற்கு வியாபாரக் காரணம் ஒன்று உண்டு. ஆடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்குள் அந்தக் காரணத்துக்கு இடமில்லை. முழு விலையையும் முன்னதாகவே கொடுத்து வாங்கியவரைக் கடைசிக் கட்டம் வரையில் மனம் சலிக்காமல் அழைத்துச் செல்வதே இங்கே தயாரிப்பாளருக்கு லாபம். ஆகையால் பகைவர்கள் மெல்ல நடக்கிறார்கள். உயிர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. தவறி விழுந்தவரை ஆட்டமே தூக்கி நிறுத்துகிறது. இவ்வளவு சலுகைகளுக்கு நடுவே சாமர்த்தியத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் கடினமும் ஆழமும் ஒன்றே என்ற எண்ணத்தின்மேல் அது நிற்கிறது. அவை இரண்டும் வெவ்வேறு என்பது என் திடமான அபிப்பிராயம்.

கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனத்தில் ஷிகேரு மியமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் உருவாக்கி, 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’, 40 கிலோபைட் அளவே கொண்ட ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் 32 கட்டங்களை அடக்கிய ஆட்டம். அதன் மேன்மை பெரும்பாலும் ஒரு தாவலில் அடங்கியிருக்கிறது. பொத்தானை லேசாகத் தட்டினால் மாரியோ சற்றே எழும்புகிறான். அழுத்திப் பிடித்தால் உயர எழும்புகிறான். ஓடிவந்த வேகத்தோடு தாவினால் இன்னும் உயரமாகவும் தொலைவாகவும் போகிறான். அந்தரத்தில் மிதக்கும்போதே அவனை முன்னே தள்ளவும் பின்னே இழுக்கவும் முடிகிறது. ஓடிக்கொண்டிருப்பவன் சட்டென்று நிற்பதுமில்லை, சிறிது சறுக்கியே நிற்கிறான். ஆக, ஒரே பொத்தானில், அழுத்தும் கால அளவுக்கும் ஓட்டத்தின் வேகத்துக்கும் ஏற்ப, எத்தனையோ தாவல்கள் ஒளிந்திருக்கின்றன. குழந்தைக்கு அவற்றில் இரண்டு போதும். நிபுணருக்கு அத்தனையும் வேண்டும்.

முதற்கட்டத்தின் அமைப்பை மியமோட்டோவும் தெஸுகாவும் பிற்காலத்தில் தாங்களே விளக்கியிருக்கிறார்கள். தொடக்கத்திலேயே எதிரே நடந்துவரும் ஒரு பகைவன், தாவாவிட்டால் சாவு என்பதைக் கற்பிக்கிறான். கேள்விக்குறியிட்ட பெட்டியை முட்டினால் வெளிப்படும் காளான், முதலில் வலப்பக்கம் நகர்ந்து, குழாயில் மோதித் திரும்பி, ஆடுபவரை நோக்கியே வருகிறது. அதைப் பகைவன் என்று அஞ்சித் தாவ முயன்றாலும் தலைக்கு மேலுள்ள செங்கற்களில் இடித்து அதன்மேலேயே விழ நேரும். விழுந்தவன் பெரியவனாக வளர்ந்து, காளான் நன்மை செய்வது என்பதைத் தெரிந்துகொள்வான். பிறகு இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி வருகிறது. அதன் அடியில் தரை இருப்பதால் தவறினாலும் உயிர் போவதில்லை. அதே அமைப்பு மறுபடி வரும்போது அடியில் தரை இல்லை. ஒரு வார்த்தைகூட எழுதிக் காட்டாமல் இவ்வளவு பாடத்தையும் நடத்திவிடும் இந்தக் கட்டத்தைக் குழந்தைகளுக்கு உரியது என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை.

ஏனென்றால் இதே கட்டத்தை இன்றும் அதிவேகமாக முடிப்பதற்காகப் போட்டியிடுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். குறுக்கு வழிகளைப் பயன்படுத்தி 32 கட்டங்களில் 8 கட்டங்களை மட்டும் ஆடி ஆட்டத்தை முடிக்கும் அந்தப் போட்டியில், 2021ஆம் வருஷத்தில் 4 நிமிடம் 55 விநாடி என்ற எல்லையும் தாண்டப்பட்டது. ஒரு விநாடிக்குச் சுமார் 60 பிரேம்கள் ஓடும் இந்த ஆட்டம், முடிந்த கட்டத்திலிருந்து அடுத்ததற்கு அனுப்பலாமா என்பதைப் பெரும்பாலும் 21 பிரேம்களுக்கு ஒரு முறையே சரிபார்க்கிறது என்பதையும், அதனால் விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான லாபம் லாபமாகவே கணக்கில் சேராமல் போகலாம் என்பதையும் அவர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்து, அந்தக் கணக்கை ஒட்டி ஒவ்வொரு தாவலையும் அமைத்துக்கொள்கிறார்கள். பாட்டியின் மடியிலிருந்து குழந்தை ஆடிய அதே கட்டந்தான். அதில் ஓர் ஒற்றைச் செங்கல்லைக்கூட யாரும் மாற்றிவிடவில்லை.

கடினத்தை மட்டும் நாடினால் என்ன ஆகும் என்பதையும் நின்டெண்டோவே பரீட்சை செய்து பார்த்திருக்கிறது. முதல் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களை உத்தேசித்து, 1986 ஜூன் மாதத்தில் ஜப்பானில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ வெளிவந்தது. அதில் காளானைப் போலவே தோன்றும் விஷக்காளான் இருந்தது. தாவும் தருணத்தில் வீசும் காற்று இருந்தது. ஆடுபவரை முன்னே அனுப்புவதற்குப் பதிலாகப் பழைய கட்டங்களுக்கே திருப்பி அனுப்பும் குறுக்கு வழியும் இருந்தது. தங்கள் நாட்டு மக்களுக்கு இது மிகையான கடினம் என்று கருதிய அமெரிக்கக் கிளை அதை ஏற்காமல், 1987இல் ஜப்பானில் வெளியான வேறோர் ஆட்டத்துக்கு மாரியோ வேஷமிட்டு, 1988இல் அதே பெயரில் விற்றது. ஜப்பானிய மூல ஆட்டம் 1993இல் ஒரு தொகுப்பில் சேர்ந்த பிறகே அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. அந்த மூல ஆட்டத்தைப் போற்றுகிறவர்கள் உண்டு. தாவல்களை அளந்து அமைத்த பல கட்டங்கள் அதில் மெய்யாகவே சிறப்பானவை. ஆனால் விஷக்காளானும் திரும்பிச் செல்லும் வழியும் ஆடுபவரின் திறமையைச் சோதிப்பவை அல்ல. அவருடைய நம்பிக்கையை ஒரு முறை ஏமாற்றுபவை. ஏமாற்றம் தெரிந்துவிட்டால் அவற்றில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இந்த அநுபவத்துக்குப் பின்னர் ஓர் இருநிலை அமைப்பு உருவாயிற்று. ஆட்டத்தை முடிப்பது யாவர்க்கும் எளிது. ஆட்டத்தைப் பூரணமாக்குவது சிலருக்கே கூடும். 1990இல் வந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’, நட்சத்திரப் பாதை வழியே தேடிப் போகிறவர்களுக்கென்றே எட்டுக் கட்டங்களை மறைத்து வைத்தது. 1996இல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’ல் 120 நட்சத்திரங்கள் உண்டு, முடிவைக் காண 70 போதும். 2010இல் வந்த ‘சூப்பர் மாரியோ கேலக்ஸி 2’ இதை உச்சத்துக்குக் கொண்டுபோயிற்று. 120 நட்சத்திரங்களைச் சேர்த்தவருக்கு, அதே உலகங்களில் சந்துபொந்துகளில் வைக்கப்பட்ட 120 பச்சை நட்சத்திரங்கள் புதிதாகத் தென்படும். அவற்றையும் சேர்த்தவருக்குத் திறக்கும் கடைசி உலகத்தில் இன்னும் இரண்டு. அவற்றுள் இறுதியானது, ஓர் அடி பட்டாலும் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டிய நீண்ட சோதனை. 2013இன் ‘3டி வேர்ல்ட்’டிலும் 2017இன் ‘ஒடிஸி’யிலும் இதே முறைதான், பின்னதில் முடிவைக் காண 124 நிலாக்கள் போதும், இடைநிறுத்தமே இல்லாத கடைசிச் சோதனையை எட்ட 500 வேண்டும்.

தேர்ந்த ஆட்டக்காரரின் குறைகளில் நான் முழு மனத்துடன் ஒப்புக்கொள்வது இங்கேதான் எழுகிறது. தனக்குரிய விருந்தை எட்டுவதற்கு முன் அவர் எத்தனை மணி நேரம் தனக்குச் சவாலாகாத கட்டங்களில் உலவ வேண்டியிருக்கிறது! எட்டிய பிறகோ அந்த விருந்து மிகச் சிறியது. ‘3டி வேர்ல்ட்’டின் இறுதிக் கட்டம், உதவிப் பொருள் எதுவும் தராமல், ஒவ்வோர் அடியையும் அளந்து வைக்கச் செய்யும் அருமையான அமைப்பு, ஆனால் பச்சை நட்சத்திரங்கள், முத்திரைகள், கொடிக்கம்பங்களின் உச்சி என்று யாவற்றையும் சேகரித்து முடித்த பிறகே அது கண்ணில் படும். சேகரிப்பது பொறுமையின் வேலை, தாவுவது திறமையின் வேலை. முன்னதைப் பின்னதற்கு வாயிற்காவலாக நிறுத்தியது அமைப்பாளரின் பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்கு எளிய மாற்று ஒன்றை, வெகுகாலத்துக்கு முன்பே, மஸஹிரோ ஸகுராய் காட்டியிருந்தார். ஆடிப் பழகாதவர்களுக்கென்றே அவர் அமைத்து 1992இல் கேம் பாய் கருவிக்கு வெளிவந்த முதல் ‘கர்பி’ ஆட்டம், சிறு நேரத்தில் முடிந்துவிடுவது. முடிந்த கையோடு, பகைவர்கள் உக்கிரமாகிவிட்ட கடின வடிவத்துக்குப் போகும் பொத்தான் சேர்க்கையைத் திரையிலேயே அது சொல்லிவிடும்.

உதவிச் சாதனங்களைப் பற்றிய ஆக்ஷேபத்தை நான் அவ்வளவாக மதிக்கவில்லை. 2009இல் வந்த ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ’ ஆட்டத்தில், ஒரே கட்டத்தில் எட்டு முறை மாண்டவருக்கு ஒரு பச்சைப் பெட்டி தோன்றும். அதை முட்டினால் மாரியோவின் தம்பி லூயிஜி வந்து கட்டத்தைத் தானே ஆடிக் காட்டுவான். ஆட்டத்தின் கௌரவமே போயிற்று என்று அப்பொழுது வருந்தியவர்கள் உண்டு. வேண்டாதவர் முட்டாமல் கடந்து போகலாமே! மேலும், யாரும் வழியில் நின்றுவிட மாட்டார்கள் என்ற உறுதி கிடைத்தபின், கட்டங்களைத் துணிந்து கடினமாக்க அமைப்பாளருக்குச் சுதந்திரம் பிறக்கிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரிலுள்ள ரெட்ரோ ஸ்டூடியோஸ் 2014இல் அளித்த ‘டாங்கி காங் கன்ட்ரி: டிராபிகல் ஃப்ரீஸ்’ குடும்ப ஆட்டங்களில் மிகவும் கண்டிப்பானவற்றுள் ஒன்று. 2018இல் அது ஸ்விட்ச் கருவிக்கு வந்தபோது, முள்ளின்மேலும் நிற்கக்கூடிய ஃபங்கி காங் என்ற பாத்திரத்தைப் புதியவர்களுக்காகச் சேர்த்தார்கள். மூல ஆட்டத்தின் கண்டிப்பு இம்மியும் குறையவில்லை. தந்தை பழைய முறையில் ஆடிய கட்டத்தை மகள் ஃபங்கியைக் கொண்டு ஆடுவதால் தந்தையின் வெற்றிக்கு என்ன குறை வந்துவிடும்?

தேர்ந்தவரை உண்மையில் சலிப்படையச் செய்தது வேறு. 2006, 2009, பிறகு 2012 ஒரே வருஷத்தில் இரண்டு என்று, ‘நியூ’ என்ற அடைமொழியோடு நான்கு மாரியோ ஆட்டங்கள் வந்தன. புல்வெளி, பாலைவனம், பனிநிலம் என்ற அதே வரிசை, அதே சாயலுள்ள இசை. இவற்றில் கடினமான கட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கட்டமொன்றுக்கு 100 விநாடியே தந்து 2013இல் வந்த லூயிஜி ஆட்டம் நன்றாகவே விரட்டும். இருந்தும் அடுத்த மூலையில் என்ன இருக்கும் என்பது ஆடுபவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு கருத்தை ஆபத்தில்லாத இடத்தில் அறிமுகம் செய்து, வளர்த்து, எதிர்பாராத விதமாகத் திருப்பி, நிறைவு செய்வது என்று தம்முடைய கட்டங்களின் நான்குபடி அமைப்பை நின்டெண்டோவின் அமைப்பாளர் கொய்ச்சி ஹயாஷிதா விளக்கியிருக்கிறார். அந்த மூன்றாம் படியான திருப்பம் மழுங்கிப்போனதுதான் இந்த ஆட்டங்களின் நோய். சலுகைகள் அதற்குக் காரணமல்ல.

2023 அக்டோபரில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ இதற்கு மருந்தாக அமைந்தது. அடிபட்டாலும் சாகாத யோஷி, நாபிட் என்ற பாத்திரங்கள் அதில் குழந்தைகளுக்காக இருக்கின்றன. என்றாலும் பெரும்பாலான கட்டங்களில் ஒளிந்திருக்கும் அற்புத மலரைத் தொட்டவுடன் குழாய்கள் நெளிந்து நடக்கின்றன, மாரியோவே வேறோர் உருவம் கொள்கிறான், கட்டத்தின் விதியே மாறிவிடுகிறது. அந்தக் கணத்தில் முப்பது வருஷப் பழக்கமுள்ளவரும் நேற்று ஆரம்பித்தவரும் ஒரே அளவு வியப்படைகிறார்கள். வியப்பை அடுத்து அந்தப் புது விதியை விரல்களுக்குப் பழக்கும் வேகத்தில்தான் நிபுணர் வேறுபடுகிறார். இந்த ஆட்டத்தின் இறுதிச் சோதனையின் முடிவில் ஆடுபவரின் பாத்திரம் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். தன் தாவல் எங்கே போய் விழும் என்பதைக் கண்ணின் துணையில்லாமல் அறிந்தவரே கரையேறுவார். டோக்கியோவின் டீம் அஸோபி அமைத்து 2024இல் வெளிவந்த ‘ஆஸ்ட்ரோ பாட்’டும் இந்த மரபையே சேர்ந்தது; குழந்தைகளும் ஆடும் அந்த ஆட்டம் அவ்வருஷம் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ஆட்டமென்ற விருதைப் பெற்றது.

அமைப்பாளர்கள் தராததை ஆடுபவர்கள் தாமே படைத்துக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. 2015இல் வந்த ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ கட்டங்களை அமைக்கும் கருவிகளையே பொதுமக்கள் கையில் கொடுத்தது. தாம் அமைத்த கட்டத்தை ஒரு முறையாவது தாமே முடித்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்கு வெளியிடலாம் என்பது நிபந்தனை. அந்த ஆட்டம் ஓடிய வீ யூ கருவியில் புதிய கட்டங்களை ஏற்பது 2021 மார்ச்சில் நின்றது. எவராலும் முடிக்கப்படாமல் எஞ்சிய கட்டங்கள் ஒன்றுகூட இருக்கலாகாது என்று ஒரு கூட்டத்தார் விரதம் பூண்டதுபோல் முனைந்தார்கள். இணையச் சேவை 2024 ஏப்ரலில் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தபின் அவர்களுடைய வேகம் இன்னும் கூடிற்று. கடைசியில் எஞ்சியது, சில விநாடிகளே நீளமுள்ள ஒரு கட்டம். அதை அமைத்தவர், பொத்தான்களை இயந்திரத்தைக் கொண்டு அழுத்தியே நிபந்தனையை நிறைவேற்றியதாக மார்ச் மாதத்தில் ஒப்புக்கொண்டார். மனிதர் முடித்துக் காட்டாத கட்டம் கணக்கில் சேராது என்று கூட்டத்தார் தங்கள் வேலை முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். ஆயினும் சிலர் விடவில்லை. ஏப்ரல் 5 அன்று அவர்களில் ஒருவர் தம் கைகளாலேயே அதைக் கடந்தார். மூன்று நாட்களுக்கெல்லாம் நின்டெண்டோ அந்தச் சேவையை நிறுத்தியது. இவ்வாறு நிறுத்தப்படும் ஆட்டங்களைப் பிற்காலத்துக்குப் பாதுகாத்து வைப்பது யார் பொறுப்பு என்ற விஷயத்தை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)