வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசையா? 7 ஆண்டு ஜெயில், ஜாக்கிரதை!

ஓடைப்பட்டி:

திராட்சைக்குப் பேர் போன ஊர் ஓடைப்பட்டி. கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமானால் மேற்கு மலைக்கு முதுகைக் காட்டி, கிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்துக்கு பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டின் முன் அறையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி! அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள்.

தொட்டிக்குச் சொந்தக்காரர், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். "பேரைப் போட்டுறாதீகண்ணே" என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

மீனோடு அவர் ஆசை நிற்கவில்லை. செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினார். பச்சைப் பச்சையாக நீண்ட விரல்கள். நுனியில் மினுங்கும் பொட்டு. தண்ணீர் ஓட்டத்தில் கதிர் ஆடுவது போல ஆடுகிறது. பார்க்கக் கண் கூசுகிற அழகுதான், இல்லை என்று சொல்ல முடியாது.

"இது டார்ச் பவளம்ணே. புதுசா வளர்க்கிறவுகளுக்கு லேசானதாம். வெளியூர் வியாபாரி ஒருத்தரு கொரியர்ல அனுப்பிருதேன், அட்வான்ஸ் போடுங்கிறாரு. போட்டுறவா?"

"போடாதே தம்பி" என்றேன். முகம் சுருங்கிப்போனது.

பூ அல்ல, பிராணி!

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. அது பிராணி. வாய் உண்டு, வாயைச் சுற்றி விரல்கள் உண்டு. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். அதோடு அதன் சதைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் அந்தப் பாசி தயாரிக்கும் சாப்பாட்டில்தான் பவளத்துக்குப் பெரும்பங்கு. பிராணி தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொண்டே போகும். அப்படிக் கட்டுகிறவைதான் கல் பவளங்கள். கோடிக்கணக்கான கிண்ணங்கள் சேர்ந்தால் பவளப்பாறை. மன்னார் வளைகுடா மீனவர்கள் அதைப் 'பார்' என்பார்கள்.

தண்ணீர் அதிகம் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் சாவுதான். 2016-ல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் இப்படி வெளுத்துக் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

'லேசு' என்றால் என்ன லேசு?

டார்ச், சுத்தியல் பவளம், கேண்டி கேன் ஆகியவற்றைத்தான் 'ஆரம்பக்காரர் ரகம்' என்று வெளிநாட்டில் விற்கிறார்கள். மான்கொம்புப் பவளத்தோடு ஒப்பிட்டால் இவை சின்னத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதுவும் சமையல் உப்பு அல்ல, அக்வேரியத்துக்கென்றே வரும் கடல் உப்புக் கலவை. போர் தண்ணீர் உதவாது, நன்றாக வடிகட்டிய தண்ணீர் வேண்டும். தொட்டியை நிரப்பிய அன்றே உயிரை விடக் கூடாது. கழிவில் உண்டாகும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் எலும்பு கட்டுவது அதில்தான். வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் தேனிப் பக்கம் மனுஷனுக்கே அந்தச் சுகம் கிடையாது! 'சில்லர்' மெஷின் வைத்தால் கரண்ட் பில் எகிறும். கரண்ட் போய் மோட்டார் நின்றால், சில மணி நேரத்தில் ஆக்ஸிஜன் குறைந்து தொட்டியே சுடுகாடாகிவிடும்.

இன்னொரு சங்கதி. டார்ச் பவளம் பார்க்கத்தான் சாது. ராத்திரியில் நீளமான விரலை நீட்டி, பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதெல்லாம் செய்ய முடியும் என்றே வைத்துக்கொள்வோம். நமது வாலிபர் கெட்டிக்காரர். சொட்டுநீர்த் தோட்டத்தில் உப்பு மீட்டர் பிடித்துப் பழகிய கை. ஆனாலும் முடியாது. ஏன்?

1972-ம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி, யானையோடு கல் பவளங்கள் அத்தனையும் 2001-ல் சேர்க்கப்பட்டன. கடல் விசிறி, கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டையும் அதே ஆண்டு சேர்ந்தன. பவளத்தைப் பிடித்தாலும், விற்றாலும், வைத்திருந்தாலும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஜாமீனும் லேசில் கிடைக்காது. 'இது இந்தோனேசியா சரக்கு' என்று வியாபாரி சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். கல் பவளங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன.

சுண்ணாம்புக்குப் போன பார்

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று வாலிபர் கேட்டார். நியாயமான கேள்வி. மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் பவளக் கல்லை கடப்பாரையால் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது, கட்டடத்துக்குப் போனது, கார்பைடு தயாரிக்கப் போனது. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் திருட்டு நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பின், 2005 வாக்கில்தான் அடங்கியது. அதற்குள் அலையைத் தடுத்த பார் போய், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

இப்போது அதே கடலில் எதிர்வேலை நடக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். ஒடித்த துண்டு பிடித்துக்கொண்டு வளர்கிறது.

"நம்ம திராட்சைக் குச்சி நடுற மாதிரியேல்ல இருக்கு!" என்றார் வாலிபர். அதேதான். ஒரே வித்தியாசம், அதற்கு அரசு அனுமதி உண்டு.

அப்படியானால் உப்புத் தொட்டியே கூடாதா? கூடும். பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன் வளர்க்கலாம். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையமும் அதைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கின்றன. மீன் ஒளிந்துகொள்ள பீங்கான் பாறை போதும். உயிரோடு வந்தது நிஜப் பவளமா என்று அதற்குத் தெரியப் போவதில்லை.

ஷோகேஸில் இருந்த கல்!

கிளம்பும்போது டி.வி. பக்கத்து ஷோகேஸைப் பார்த்தேன். பொம்மைகளுக்கு நடுவே மூளை மாதிரி சுருள் சுருளாக வெள்ளைக் கல் ஒன்று.

"இது ஏது தம்பி?"

"ஆத்தா ராமேஸ்வரம் போனப்ப வாங்கியாந்தது. பல வருஷமாச்சே. செத்த கல்லுதானண்ணே?"

செத்ததும் சேர்த்திதான் என்றேன். வாலிபர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தாயார் எட்டிப் பார்த்தார்.

"கடைத்தெருவுல பரப்பி வச்சு வித்தவனை விட்டுப்புட்டு, வாங்குனவளைப் புடிப்பீகளோ?"

சட்டம் இரண்டு பேரையும் பிடிக்கும் ஆத்தா என்றேன். "அப்ப மொதல்ல அவனைப் புடிங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி முறத்தைக் கையில் எடுத்தார்.

வாலிபர் அன்று சாயங்காலம் வியாபாரியின் நம்பருக்கு போன் போட்டு, பவளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.