திண்ணை வீடுகளுக்கும் திருப்பணி வேண்டும்

போளூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் படவேடு போகிறவர்கள் இங்கேதான் பிரிந்து மலைப்பக்கம் திரும்புகிறார்கள். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர் படவேடு. மண்மூடியும் சிதைந்தும் கிடந்த அதன் கோயில்கள் பல, கடந்த சில பத்தாண்டுகளில் திருப்பணி கண்டு மீண்டிருக்கின்றன. ஆனால், அந்தக் கோயில்களைக் கட்டிய அரசர்கள் குடியிருந்த அரண்மனை இன்று இல்லை. 1990-களில் மாநிலத் தொல்லியல் துறை இங்கே மண்ணைத் தோண்டித்தான் பழைய வாழ்க்கையின் தடயங்களைத் தேட வேண்டியிருந்தது.

சாமி இருந்த இடத்தைக் காப்பாற்றினோம். மனிதர்கள் இருந்த இடத்தைக் கைவிட்டோம். இது படவேட்டோடு முடிந்த கதையும் அல்ல. ஆரணிப் பக்கம் பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார்கள் கட்டிய மாளிகை காடு மண்டிச் சிதைந்து நிற்கிறது. மாளிகைக்கே இந்த கதி என்றால், திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடும் கொண்ட சாதாரண வீடுகளைக் கேட்க வேண்டுமா? சந்தவாசல் போன்ற ஊர்களில் அவை ஒவ்வொன்றாக இடிபட்டு, அந்த மனையில் கான்கிரீட் வீடு எழும்புகிறது.

பழைய வீடு வயதாகி விழுவதில்லை, தண்ணீர் இறங்கித்தான் விழுகிறது. ஓர் ஓடு நழுவினால் முதல் மழையில் ரீப்பர் நனையும். அடுத்த மழையில் கைமரம் ஊறும். ஊறிய மரத்துக்குக் கரையான் வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் மழைக்கு முன்பே ஓட்டைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி மேய்ந்தார்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் விரல் நீளத்திலேயே வேரோடு பிடுங்கினார்கள். விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும் என்பது வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கவனிக்காமல் விடுவது ஒரு கேடு. தெரியாமல் கவனிப்பது அதைவிடப் பெரிய கேடு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பழைய சுவர், தரையிலிருந்து ஏறும் ஓதத்தைத் தன் மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூக்கும். பூச்சு உப்பி, தட்டினால் பொத்தென்று ஓசை வரும். பிறகு அது பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். அப்போதும் பழி வீட்டின் மேல்தான் விழுகிறது: “பழைய சுவர், தாங்காது.” தாங்காதது சிமென்ட் பூச்சுதான். அதைக் கொத்தி எடுத்து, சுவரை உலரவிட்டு, நன்றாக ஊறிய சுண்ணாம்பில் காரை அரைத்துப் பூசினால் சுவர் பிழைத்துக்கொள்ளும்.

இது நடக்கிற காரியம்தான் என்பதற்குப் புதுச்சேரி சாட்சி. அங்கே தமிழர் பகுதியான வைசியாள் வீதியில் வரிசையாகத் தெருமுகப்புகளைச் சீரமைத்தார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழிகாட்டியது. செலவில் ஒரு பங்கை அந்தச் சீரமைப்புத் திட்டம் ஏற்றது, மறுபங்கை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அதே ஊரில், கவனிப்பாரற்றுக் கிடந்த 19-ஆம் நூற்றாண்டு நகர மண்டபமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதன் இடத்தில் அதே தோற்றத்தில் புதுக் கட்டடம் கட்டி 2021-இல்தான் திறக்க முடிந்தது. சிறுகச் சிறுகப் பேணியிருந்தால் அந்தக் கட்டுமானச் செலவு மிஞ்சியிருக்கும்.

சந்தவாசல் போன்ற ஊர்களுக்குச் சுற்றுலா வருமானமும் இல்லை, வெளிநாட்டு நிதியும் வராது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அப்படி ஒரு பெயரும் இந்த வீடுகளுக்கு இல்லை. எனவே உதவி உள்ளூரிலிருந்தே தொடங்க வேண்டும். ஊராட்சி தன் எல்லைக்குள் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளைப் பட்டியல் எடுக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்களிடம் இளைஞர்களைப் பழக்கலாம். புது வீடு கட்ட மானியம் தரும் அரசு, இத்தகைய பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் ஒரு தொகை ஒதுக்கலாம். 2012-இல் பாரம்பரிய ஆணையத்துக்கே சட்டம் இயற்றிய மாநிலத்துக்கு இது பெரிய பாரம் அல்ல.

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பதை எந்த ஊரும் மறப்பதில்லை. வீட்டுக்கு அந்தக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு நாள் வேலை. அதைச் செய்கிற குடும்பத்தின் வீடு பேரன் காலத்திலும் நிற்கும்.