முதலில் வீட்டு வாசலை அளந்து பாருங்கள்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் செடான் வாங்க நினைப்பவர்கள், ஷோரூமுக்குக் கிளம்பும் முன் டேப்பை எடுத்துத் தங்கள் வீட்டு பார்க்கிங்கை அளந்துவிட வேண்டும். இன்ஜின், டச் ஸ்கிரீன், சன்ரூஃப் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சந்தையில் இருப்பவை இரண்டு அளவு. மாருதி டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா மூன்றுமே 3,995 மி.மீ. நீளம். மூன்று கம்பெனிகளும் ஒரே அளவில் வந்து நிற்பதற்குக் காரணம் வரி. நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகியவை அடுத்த அளவு. நாலரை மீட்டரைத் தாண்டியவை. மந்தைவெளி, காந்தி நகர்ப் பக்கத்துப் பழைய அடுக்ககங்களில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே கிடைப்பதுதான் பார்க்கிங். அங்கே கூடுதலாக நீளும் அரை மீட்டர், பக்கத்து வீட்டு ஸ்கூட்டரோடு தினமும் தகராறாகிவிடும்.

அகலத்தைவிடவும் நீளத்தைவிடவும் பலர் கவனிக்காமல் விடுவது வாசல் சரிவு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் எத்தனையோ வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. சுரண்டிய பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ஆனால் ஏற்கெனவே தாழ்ந்த வீடு தாழ்ந்ததுதான். தெருவிலிருந்து கேட்டுக்குள் இறங்கும்போது, முன் சக்கரம் கீழே, பின் சக்கரம் மேலே இருக்கும் அந்த நொடியில் வண்டியின் நடுப்பகுதி மேட்டில் உரசும். இரு சக்கரங்களுக்கு இடையே நீளம் கூடக்கூட இந்த உரசலும் கூடும். தரையிலிருந்து டிசையரின் உயரம் 163 மி.மீ., அமேஸ் 172, வெர்ட்டஸ் 179. புரோஷரில் இருக்கும் எண் பெரும்பாலும் காலி வண்டியின் அளவு. ஐந்து பேர் ஏறினால் குறையும். ஆகவே டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே வரவழைத்து, குடும்பத்தை ஏற்றி, ஒரு முறை உள்ளே இறக்கி வெளியே ஏற்றிப் பாருங்கள். விற்பனையாளர் தயங்கினாலும் விடாதீர்கள்.

அப்படியே வீட்டுப் பெரியவர்களையும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். செடானில் இருக்கை தாழ்வு. மூட்டு வலியுள்ள பாட்டி மாட வீதியில் பின் கதவைத் திறந்து, புடவையோடு யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் எவ்வளவு பெரிய டிக்கி இருந்தும் அது அந்த வீட்டுக்கான வண்டி இல்லை.

உஸ்மான் சாலையில் ஊர்ந்து போகிறவர்களுக்கு ஆட்டோமேட்டிக் நல்லது. ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. டிசையர், ஆராவில் இருக்கும் ஏஎம்டி, மேனுவல் கியரைத் தானே மாற்றுவது. விலை குறைவு, நெரிசலில் லேசாகக் குலுக்கும். அமேஸிலும் சிட்டியிலும் வரும் சிவிடியில் அந்தக் குலுக்கல் இல்லை. மெட்ரோ பணியால் லஸ் பக்கம் திணறும் இந்த நாட்களில் கூடுதல் பணத்தை இதற்குக் கொடுக்கலாம் என்பேன்.

விலையில் 10 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சாலை வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18. 9.90 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10.20 லட்சம் என்றால் 1,83,600. சன்ரூஃபுக்காக 30,000 கூடுதலாகக் கொடுத்தால், வரியில் இன்னொரு 54,900 போகிறது.

ஊருக்குள் ஓட்டமும் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கும்பகோணமும் என்றால் 4 மீட்டர் வண்டியே போதும். அமேஸின் டிக்கி 416 லிட்டர். மாதம் தவறாமல் ஐந்து பேராக நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெரிய அளவுக்குப் போகலாம், வாசல் இடம் கொடுத்தால்.

காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்பு கவர் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் நீரில் நின்ற கார்கள் ஏராளம். தாழ்வான செடானில் தண்ணீர் சீக்கிரம் ஏறும். நீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளையும்; சாதாரண பாலிசி அந்தச் செலவைப் பொதுவாக ஏற்காது. தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருகாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போகச் சொல்லுங்கள்.