பெயின்ட்டைப் பார்க்காதீங்க... லீவரைப் பாருங்க! பழைய புல்டோசரை அடையாளம் காண எளிய வழிகள்

காரைக்குடி பழம்பொருள் கடைகளில், கதவைத் தொட்டுப் பார்த்தே 'இது பர்மாத் தேக்கு' என்று சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. பக்கத்திலிருக்கும் கோட்டையூரிலும் பழைய வீட்டுச் சாமான்களின் மதிப்பு தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால், கருவை மண்டிக் கிடக்கும் புன்செயைத் திருத்த, பழைய செயின் புல்டோசரை வாடகைக்கோ விலைக்கோ பேசும்போது, புது மஞ்சள் பெயின்ட்டும் 'டி-8 வண்டி' என்ற பெயருமே போதுமென்று நினைத்துவிடுகிறார்கள்.

சிக்கல் அங்கேதான். ஒரே பெயரில், ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு வண்டிகளுக்குள் வேறு வேறு கியர்பாக்ஸ் இருக்கலாம். அது தெரியாமல் வாங்கினால் உதிரிபாகம் பொருந்தாது. வாடகைக்கு எடுத்தால், மணிக்கணக்கில் கொடுக்கும் காசுக்கு வேலை நடக்காது.

போர் முடிந்து வந்த வண்டிகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் இங்கே விட்டுச்சென்ற செயின் டிராக்டர்களைக் கொண்டு தரிசு நிலங்களைத் திருத்த, மத்திய டிராக்டர் அமைப்பை அரசு தொடங்கியது. மத்திய இந்தியாவில் நாணல் போன்ற காஸ் புல் மூடிய நிலங்களை உழ, மேலும் இயந்திரங்கள் வாங்குவதற்காக 1949-ல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் தந்தது. 1964-ல் பெங்களூரில் 'பெமல்' நிறுவனம் உருவானது. ஜப்பானின் கோமட்சு தொழில்நுட்பத்தில் இங்கேயே புல்டோசர்கள் தயாராயின. தமிழகத்தில் வேளாண் பொறியியல் துறையும் மணி வாடகைக்கு புல்டோசர் கொடுக்கிறது.

எப்படி ஸ்டார்ட் ஆகிறது?

பழைய கேட்டர்பில்லர் டீசல் வண்டிகளில், பெரிய இன்ஜினின் பக்கவாட்டில் இரண்டு சிலிண்டர் கொண்ட குட்டி பெட்ரோல் இன்ஜின் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் அதை ஓடவிட்டு, அதன் பலத்தில்தான் பெரியதைக் கிளப்ப வேண்டும். இன்டர்நேஷனல் நிறுவனத்தின் 'டி.டி' வரிசையில் தனி இன்ஜின் கிடையாது. அதே இன்ஜின் பெட்ரோலில் கிளம்பி, சிறிது நேரத்தில் டீசலுக்கு மாறிவிடும். அதனால் அதில் ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர், டீசல் பம்ப் மூன்றும் இருக்கும்.

சத்தமே அடையாளம்

அல்லிஸ்-சால்மர்ஸ் ஹெச்.டி-7, ஹெச்.டி-10, ஹெச்.டி-14 வண்டிகளில் இருப்பது டெட்ராய்ட் டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின். முறையே 3, 4, 6 சிலிண்டர்கள். ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் வெடிப்பதால், உண்மையான வேகத்தைவிட இரு மடங்கு வேகத்தில் ஓடுவதுபோல அலறும். ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் நிதானமாக 'டமடம'வென அடிக்கும்.

கியர்பாக்ஸ் எந்த ரகம்?

ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பாருங்கள். இடது, வலது பக்கம் திருப்ப இரண்டு லீவர்களும், அவற்றுக்கான பிரேக் பெடல்களும் பெரும்பாலான பழைய வண்டிகளில் இருக்கும். இவற்றை மெயின் கிளட்ச் என்று நினைத்துவிட வேண்டாம். இவை தவிர, இழுத்துத் தள்ளும் நீளமான கிளட்ச் லீவரும் கியர் கம்பியும் இருந்தால், அது பெரும்பாலும் நேரடி கியர் வண்டி.

மெயின் கிளட்ச் இல்லாமல், ஒற்றை லீவரிலேயே கியர் மாறினால் அது பவர் ஷிஃப்ட். அதில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றினால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றுமே, அந்த மாதிரி. காற்றுக்குப் பதில் இங்கே ஆயில். அந்த ஆயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர் டேஷ்போர்டில் இருந்தால், சந்தேகமே வேண்டாம்.

பாரம் கூடினால் நேரடி கியர் வண்டியின் இன்ஜின் திணறி நின்றுவிடும். கன்வெர்ட்டர் வண்டியில் செயின் நின்றாலும் இன்ஜின் ஓடும். ஆனால் ஆயில் சூடேறும். நேராக இழுத்து உழுவதற்கு நேரடி கியர் சிக்கனம். முன்னும் பின்னும் போய் கருவைத் தூரைப் பெயர்க்க, பவர் ஷிஃப்ட் வேகம். இன்னொன்று, பவர் ஷிஃப்ட் வண்டியை இழுத்து ஸ்டார்ட் செய்ய முயன்றால், ஆயில் போகாமல் கியர்பாக்ஸ் கெட்டுவிடும்.

எண் சொல்லும் ரகசியம்

பழைய கேட்டர்பில்லர் டி-8 வண்டியின் வரிசை எண் 14ஏ என்று தொடங்கினால் நேரடி கியர். 15ஏ என்றால் டார்க் கன்வெர்ட்டர். பிறகு வந்த டி-8ஹெச் மாடலில் 36ஏ நேரடி கியர், 46ஏ பவர் ஷிஃப்ட். பழைய கோமட்சுவில் டி-50, டி-60, டி-80 ஆகியவை நேரடி கியர். டி-53, டி-65, டி-85 ஆகியவை கன்வெர்ட்டர் வைத்தவை.

பழைய கேட்டர்பில்லரில் இன்ஜினில் இருக்கும் எண்ணையும், பின்புற கியர்பாக்ஸ் கூட்டில் பொறித்த எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், இன்ஜின் மாற்றப்பட்ட வண்டி. வாங்கக் கூடாது என்பதில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம். உதிரிபாகம் வாங்கும்போது இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன், 'நான் வரும்வரை வண்டியைக் கிளப்பாதீங்க' என்று சொல்லிவிடுங்கள். ஆறிக் கிடக்கும் இன்ஜினைக் கண்ணெதிரே கிளப்பச் சொன்னால், அதன் உண்மையான நிலைமை அங்கேயே தெரிந்துவிடும்.