67 சதவீதக் கோடு

அமெரிக்கக் கல்லூரிகளில் செமஸ்டர் முடிவு வெளியான சில நாட்களில், மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து தனியாக ஒரு மின்னஞ்சல் போகும். மதிப்பெண் விவரம் ஏற்கெனவே வந்துவிட்டது; இது பணத்தைப் பற்றியது. எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதத்தை நீங்கள் முடிக்கவில்லை, அடுத்த செமஸ்டர் எச்சரிக்கையின் கீழ் இருக்கிறீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். இப்படி ஒரு கணக்கு முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த நாட்டில் மத்திய அரசின் கல்வி உதவிக்கு அடித்தளம் 1965-ம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். அதிபர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட வாஷிங்டனில் உட்காரவில்லை. டெக்சஸ் மாநிலம் சான் மார்கோஸில் தான் படித்த கல்லூரிக்கே போனார். பிளாங்கோ ஊர் வங்கியில் 75 டாலர் கடன் வாங்கிப் படிக்க வந்தவர் அவர். தரை கூட்டிச் சம்பாதித்தவர். கைச்செலவுக்கு வழியில்லாமல் படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டு, கொடுல்லா என்ற சிற்றூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். 1972-ல் இந்தச் சட்டத்தின் கீழ் ஏழை மாணவருக்கான மானியம் வந்தது. பின்னாளில் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. திருப்பிக் கட்ட வேண்டாத இந்த பெல் மானியத்தின் உச்சவரம்பு 2024-25 கல்வியாண்டில் 7,395 டாலர்.

கொடுக்கும் பணத்துக்குப் படிக்கிறார்களா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. 1976-ல் 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' என்ற நிபந்தனை சட்டத்தில் ஏறியது. இரண்டாம் ஆண்டு முடிவில் குறைந்தது 'சி' கிரேடு சராசரி வேண்டும் என்பதை 1986-ல் சேர்த்தார்கள். இப்போது நடைமுறையில் இருக்கும் விரிவான விதி 2011 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. பெல் மானியம் மட்டுமல்ல, மத்திய அரசின் மாணவர் கடனும், கல்லூரியிலேயே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் திட்டமும் இதற்குக் கட்டுப்பட்டவை. கோட்டுக்குக் கீழே போனால் மூன்றும் சேர்ந்தே நிற்கும்.

அளவுகோல்கள் மூன்று. முதலாவது ஜிபிஏ; பெரும்பாலான கல்லூரிகளில் 2.0. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் சிரமம் இல்லை. இரண்டாவது காலவரம்பு: படிப்பின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் முடித்துவிட வேண்டும். பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால், 180 கிரெடிட் எடுப்பதற்குள் பட்டம் கைக்கு வர வேண்டும். மூன்றாவது வேகம். 180-ல் 120 என்பது மூன்றில் இரண்டு பங்கு. அதிலிருந்து பிறந்ததுதான் 67 சதவீதம். இதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு மாணவி முதல் செமஸ்டரில் ஐந்து பாடம், 15 கிரெடிட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பாதியில் இரண்டு பாடங்களை விட்டுவிட்டு மீதி மூன்றிலும் 'ஏ' வாங்குகிறார். ஜிபிஏ 4.0. ஆனால் 15-க்கு 9, அதாவது 60 சதவீதம்தான். எச்சரிக்கைக் கடிதம் வந்துவிடும். அடுத்த செமஸ்டரில் 12 கிரெடிட் எடுத்து எல்லாவற்றையும் முடித்தால் 27-க்கு 21, தப்பித்தார். அதில் ஒரே ஒரு பாடம் தவறினால் 27-க்கு 18. சரியாகக் கோட்டின் மேல் நிற்பார்.

நம் ஊரில் அரியர் வைத்தால் திரும்ப எழுதிப் பாஸானதும் விஷயம் முடிந்தது. அங்கே பாஸானாலும் முதல் முயற்சி கணக்கிலிருந்து போகாது. தவறிய பாடம், பாதியில் விட்ட பாடம், 'முடிக்கவில்லை' என்று நிற்கும் பாடம் எல்லாமே எடுத்த கிரெடிட்டாகத்தான் எண்ணப்படும். செமஸ்டரின் ஆரம்பத்தில் பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரு கெடு உண்டு. அதற்குள் விட்ட பாடத்துக்கு எந்தத் தடமும் இருக்காது. கெடு தாண்டி விட்டால் அது மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' என்று உட்கார்ந்துகொள்ளும். எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டுக் கிளம்பினாலோ வேறொரு விதியும் சேர்ந்து பிடிக்கும்: செமஸ்டரில் 60 சதவீத நாட்கள் கழியும் முன் வெளியேறினால் வாங்கிய உதவியில் ஒரு பகுதி திரும்பிப் போக வேண்டும். அந்தப் பாக்கி பல நேரம் மாணவர் தலையில்தான் விழுகிறது. ஜான்சன் செய்ததுபோல் சேராமலே ஓராண்டு விலகியிருந்தால் இந்தக் கணக்கில் நஷ்டம் கிடையாது. சேர்ந்துவிட்டுத் தத்தளித்தால்தான் நஷ்டம்.

இதைவிடக் கடுமையானது பழைய கணக்கு. பதினெட்டு வயதில் சேர்ந்து, நான்கு பாடங்களில் தவறி, படிப்பை விட்டுப் போன ஒருவர் முப்பத்தெட்டு வயதில், குழந்தைகள் வளர்ந்த பிறகு திரும்பி வருகிறார். பல கல்லூரிகள் அத்தகையவரின் பழைய மதிப்பெண்களை மன்னித்து, ஜிபிஏவைப் புதிதாகத் தொடங்க விடுகின்றன. மத்திய உதவி விதியில் அந்த மன்னிப்புக்கு இடமில்லை. அப்போது அவர் அரசிடம் ஒரு டாலர்கூட வாங்காமல் சொந்தக் காசில் படித்திருந்தாலும் அந்தக் கிரெடிட்கள் கணக்கில் ஏறும். வகுப்பில் சேரலாம் என்கிறது கல்லூரி. பணம் கிடையாது என்கிறது உதவித்தொகை அலுவலகம்.

ஒரே வகுப்பில் ஒரே மதிப்பெண் வாங்கும் இரண்டு பேரில், அப்பா கட்டணம் கட்டும் பையன் அடுத்த செமஸ்டருக்கு வந்துவிடுவான். பெல் மானியத்தில் படிக்கும் பையன் வர முடியாது. தேர்வு ஒன்றுதான், ஏழைக்கு மட்டும் அதில் தண்டனை கூடுதல். அரசுப் பணத்துக்குக் கணக்கு கேட்பதில் தவறில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வகுப்புப் பக்கமே வராதவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மாணவியையும் ஏமாற்றுக்காரரையும் ஒரே சதவீதத்தால் அளப்பதை நியாயம் என்று சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் லாரன் ஷுடியும் ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் இதை நாடளாவிய தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். அரசுக் கல்லூரிகளில் முதலாண்டு பெல் மாணவர்களில் 25 முதல் 40 சதவீதம் பேர் மானியத்தை இழக்கும் அபாயத்தில் இருப்பதாகக் கண்டார்கள். இதே ஆய்வாளர்கள் ஒரு மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த இன்னோர் ஆய்வில், விதி பட்டங்களைக் கூட்டவில்லை. படிப்பைத் தொடர்வோரைத்தான் குறைத்தது.

மாநிலங்களின் உதவித்தொகைகளுக்கு வேறு நிபந்தனைகள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் அட்லான்டா பகுதியில் 'ஹோப்' உதவித்தொகையைத் தெரியாத வீடு இருக்காது. ஜார்ஜியா மாநிலம் 1993-ல் லாட்டரி வருமானத்தில் தொடங்கியது அது. அதைத் தக்கவைக்க 3.0 ஜிபிஏ வேண்டும். 30, 60, 90 கிரெடிட் எடுத்த கட்டங்களில் சோதிப்பார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இதன் விளைவை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட கார்ன்வெல், லீ, மஸ்டர்ட் ஆகியோர், மாணவர்கள் குறைவாகப் பாடம் எடுப்பதும், நடுவில் விடுவதும், கோடை வகுப்புக்குத் தள்ளிப்போடுவதும் கூடியதைக் காட்டினார்கள். கஷ்டமான பாடத்தை விட்டால் ஜிபிஏ தப்பும், ஹோப் தப்பும். மத்திய விதியிலோ அதே செயலால் 67 சரியும். இரண்டு உதவியையும் வாங்கும் பிள்ளை யார் பேச்சைக் கேட்பது?

கோட்டுக்குக் கீழே போனவருக்கு ஒரு வழி அப்பீல். செமஸ்டர்தோறும் சரிபார்க்கும் கல்லூரிகள் ஒரு செமஸ்டர் எச்சரிக்கை தரலாம். அதிலும் தேறாவிட்டால் உதவி நிற்கும், பிறகு அப்பீல்தான். உறவினர் மரணம், சொந்த நோய் அல்லது காயம், வேறு சிறப்புச் சூழ்நிலை என்று விதி காரணம் சொல்கிறது. கடிதத்தில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: ஏன் தவறினீர்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது? பலரும் முதல் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். கூடவே இறப்புச் சான்றிதழ், மருத்துவர் கடிதம் என்று ஆதாரம் கேட்பார்கள். வீட்டு வாடகைக்காக இரவு ஷிஃப்ட் பார்த்ததை ஒரு கல்லூரி காரணமாக ஏற்கும், இன்னொன்று ஏற்காது. அப்பீலுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்ற கட்டாயமே மத்திய விதியில் கிடையாது. ஏற்றுக்கொண்டால் கண்காணிப்புக் காலமாக ஒரு செமஸ்டர் பணம் வரும். தேவைப்பட்டால் எந்தச் செமஸ்டரில் எத்தனை பாடம் என்று படிப்புத் திட்டம் போட்டுத் தருவார்கள்.

விதியைத் தளர்த்தவே முடியாது என்பதும் சரியல்ல. 2020 மார்ச்சில் வந்த கொரோனா நிவாரணச் சட்டம், தொற்றால் முடிக்க முடியாமல் போன கிரெடிட்களை வேகக் கணக்கிலிருந்து கழிக்கக் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. கல்லூரிகள் தம் விருப்பத்துக்கு மத்திய அளவைவிடக் கடுமையான விதி வைப்பதைத் தடுக்கவும், அப்பீல் முறையைச் சீராக்கவும் 2023-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் அதையே செய்யலாம்.

எஃப்-1 விசாவில் போகும் மாணவர்களுக்கு மத்திய உதவியே கிடையாது என்பதால் இந்தக் கணக்கு அவர்களைத் தொடாது. கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது. அத்தகைய பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை ஒரு பாடத்தை விடப்போவதாகச் சொன்னால், பாட ஆலோசகரின் ஒப்புதலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர் பட்டத்தைத்தான் பார்ப்பார். அதே நாளில் உதவித்தொகை அலுவலகத்துக்கும் போய், இந்தப் பாடத்தை விட்டால் என் சதவீதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.