பட்டணத்து வெள்ளமும் நம் ஊர் ஏரியும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை நகரம் வெள்ளத்தில் மிதந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதே அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அடையாற்றில் வந்த நீர் முழுவதும் அந்த ஓர் ஏரியின் நீர் அல்ல. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பகுதிப் பாசன ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றில்தான் சேர்ந்தது. நகரத்தை மூழ்கடிக்கும் வெள்ளத்தில் ஒரு பங்கு கிராமத்திலிருந்தே புறப்படுகிறது. ஆகவே அதைத் தணிக்கும் திட்டத்தில் சிறு விவசாயிக்கும் ஓர் இடம் உண்டு.

ஏரிச் சங்கிலி

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிகள் தனித்தனியாக அமைந்தவை அல்ல. மேல் ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியே வழியும் நீர் கீழ் ஏரிக்கு வரத்து நீராகிறது. இவ்வாறு ஏரிக்கு ஏரி இறங்கி, கடைசி ஏரியும் நிரம்பிய பிறகே ஆற்றுக்கோ சதுப்பு நிலத்துக்கோ போகிறது. ஒரே இரவில் பெய்த மழைநீர் பல நாட்களில் சிறிது சிறிதாகக் கீழே இறங்கும். பாசனத்திற்காக முன்னோர் வெட்டிய ஏரிகள் வெள்ளத்தையும் அடக்கி வந்தன.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நீர் ஒரே சமயத்தில் பாய்ந்து வரும். சென்னையில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் இன்று தெருக்கள்தான் உள்ளன. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரைத் தாங்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பெருமளவு சுருங்கிவிட்டது. எஞ்சிய பகுதிக்கு 2022-இல் ராம்சார் சாசனப்படி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற தகுதி கிடைத்தது. ஆயினும் 2023 டிசம்பர் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகள் மீண்டும் நீரில் மூழ்கின.

வயலும் ஓர் ஏரியே

ஒரு ஏக்கர் நெல் வயலில் 10 செ.மீ. நீர் நின்றால் அது சுமார் 4 லட்சம் லிட்டர். நூறு ஏக்கர் ஆயக்கட்டு 4 கோடி லிட்டரைத் தேக்கும். நன்கு வளர்ந்த பயிர் இந்த அளவு நீரை ஓரிரு நாள் தாங்கும். அதே நூறு ஏக்கர் கட்டடமும் தார்ச்சாலையுமாக மாறினால், 10 செ.மீ. மழையில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே வடிந்து கீழே உள்ளவர்களின் வீட்டுக்குள் புகும்.

திட்டத்தில் உங்கள் நிலம்

சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்க 2022-இல் அரசாணை பிறப்பிக்கப்பட்டது. ஏராளமான கிராமங்கள் இதனுள் அடங்கும். எந்த நிலம் சாகுபடிக்கு, எது குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு என்பதை இத்தகைய திட்டமே வகுக்கிறது. ஏரி, வாய்க்கால், ஆற்றோரத் தாழ்நிலம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, வீடுகளுக்கு மேட்டு நிலத்தைக் காட்டுவதே நல்ல திட்டமாகும்.

"நகரம் தப்புவதற்காக நான் மனை விலையை இழக்க வேண்டுமா?" என்று விவசாயி கேட்பது நியாயமே. வயலை வயலாக வைத்திருப்பவருக்கு ஈடு ஏதேனும் வேண்டும். வரைவுத் திட்டம் வெளியிடப்படும்போது கருத்தும் ஆட்சேபணையும் தெரிவிக்க 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இடமுண்டு. ஊரார் கூடிப் பேசி, எழுத்து மூலம் கொடுப்பது நலம்.

செய்ய வேண்டியவை

1. அதிக நீர் தேக்கும் ஆசையில் கலங்கல் மீது மணல் மூட்டை அடுக்காதீர்கள். பெருமழையில் கரை உடைந்தால் ஆயக்கட்டுப் பயிர் முழுவதும் போய்விடும்.

2. பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதிக்குள் வரத்துக் கால்வாயைச் சீர்செய்யுங்கள். பலர் மறந்துவிடும் போக்குக் கால்வாயையும் அடைப்பின்றி வையுங்கள்.

3. கோடையில் உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை எடுத்து வயலில் இடுங்கள். ஏரியின் கொள்ளளவும் கூடும், மண்ணும் வளம் பெறும். கரையை ஒட்டித் தோண்டக் கூடாது.

4. நிலம் வாங்கவோ விற்கவோ முற்படும்போது புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கை மூடிப் போட்ட மனை என்றைக்கும் வெள்ளத்துக்குரிய மனையே.

5. நீர் தேங்கும் தாழ்ந்த வயலுக்கு நீண்ட கால சம்பா ரகமான சி.ஆர். 1009 சப் 1 ஏற்றது. வளர்ச்சிப் பருவத்தில் முழுவதும் மூழ்கினாலும் சுமார் 10 முதல் 14 நாள் வரை தாங்கித் துளிர்க்கும்.

6. வெள்ளம் வடிந்ததும் இளம் பயிருக்கு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓரிரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடவும்.

மழைக்காலத்திற்கு முன் ஒரு நாள், ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களுமாகக் கலங்கலிலிருந்து அடுத்த ஊர் ஏரி வரை போக்குக் கால்வாய் வழியே நடந்து பாருங்கள். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு என்பது தெரிந்துவிடும். அதைக் குறித்து நீர்வளத்துறை அலுவலகத்திலோ, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ மனுவாகக் கொடுங்கள். மழை தொடங்கிய பின் கொடுக்கும் மனுவால் அந்த ஆண்டுப் பயிருக்குப் பயனில்லை.